இரண்டாவது பிரேக் யார் காலில்?

போன வாரம் அத்தியாயத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிறுத்திவிட்டேன் என்று என்னைத் திட்டி எழுதிய வாசகிகளே, மூச்சு விடுங்கள். பிரேக் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது மார்பிலிருந்த கட்டியை எடுத்தாயிற்று. தையல் ஆறிவிட்டது. நாக்கு முன்பு போலவே வேலை செய்கிறது. அந்த நாக்கைப் பற்றித்தான் வீட்டில் சிலருக்குக் குறை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வந்தவர் ஓட்டுவார், அக்கா பக்கத்து இருக்கையில் இருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் பாதிப் பேர் சுவரில் முட்டாமல் இருப்பது அந்தக் காலின் புண்ணியம். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கணவர் ரொட்டிக்கடைக்காரர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதி. ஒரே மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னது இதுதான்: "என் வேலை கத்தியோட முடிஞ்சுதும்மா. கண்ணுக்குத் தெரியாம ஏதாவது மிச்சம் இருந்தா அதைத் தீர்க்க ரேடியேஷன் வேணும். அதுக்குன்னு தனி நிபுணர் இருக்காங்க. இடது பக்கம்ங்கறதால இதயம் ஒட்டினாப்ல இருக்கு. அதுல பழக்கப்பட்டவங்களா பாத்துக்கோங்க. ரொம்பத் தள்ளிப்போடாதீங்க."

ஒரு டாக்டரம்மாவின் பெயரையும் சொல்லி அனுப்பினார்.

அதற்குள் பெரியப்பா, அதாவது ரொட்டிக்கடைக்காரரின் அண்ணன், களத்தில் குதித்துவிட்டார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஊரிலேயே பெரிய ரேடியேஷன் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். வாங்கினதோடு விட்டாரா? சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "நான் சொன்னா அவர் தட்ட மாட்டாரு" என்று வேறு சொல்லியாயிற்று.

ஆக, இன்றைக்கு ஒரே நாளில் இரண்டு டாக்டர். சாயங்காலத்துக்குள் யார் என்று முடிவெடுத்தாக வேண்டும்.

காலையில் மகள் அம்மாவின் தலையை வாரி உயரமாகக் கொண்டை போட்டுவிட்டாள். கொஞ்ச நாளாகவே அக்கா இந்த வேலையை மகளிடம் விட்டுவிட்டாள். "நீ போட்டாத்தான்டி நல்லா நிக்குது" என்பாள். மகளுக்கும் அதில் பெருமைதான்.

"அம்மா, கேக்க வேண்டியதெல்லாம் நான் கேக்கறேன். நீ டாக்டர்கிட்ட சண்டைக்கு மட்டும் போகாம இரு."

"நான் எதுக்குச் சண்டைக்குப் போறேன்? ஆளைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

"எப்படி?"

"வண்டியை எப்படி நிறுத்தறாங்கன்னு பாத்தாப் போதும். அவசரக்காரன், அலட்சியக்காரன், அடுத்தவனைப் பத்திக் கவலைப்படாதவன், எல்லாம் வண்டி நிறுத்தற இடத்துல வெளிய வந்துடும்."

ரொட்டிக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அக்கா பயந்து போயிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும். பயம் வந்தால் அவளுக்குத் தனக்குத் தெரிந்த வித்தையைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும்.

அப்படித்தான், பெரிய டாக்டரின் கண்ணாடி மாளிகை ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய், வண்டிகள் நிற்குமிடத்தில் காவல் காத்தார்கள். 'டாக்டர்' என்று பலகை வைத்த இடத்தின் மேல் அக்கா வைத்த கண்ணை எடுக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்ட நீளமான கார் ஒன்று வந்தது. ஒரே வீச்சு. பின்னால் போய், இரண்டு கோட்டுக்கும் நடுவில், பஞ்சு மாதிரி நின்றது.

"ஆகா!" அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா? ஒரு தடவை கூடத் திருத்தலை. இவர்தான். முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்."

"உள்ள போய்ப் பேசவாவது பேசலாம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய டாக்டர் நல்லவர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அறையே குளுகுளுவென்று இருந்தது, அவர் குரலும் அப்படித்தான். ஆனால் பேச்சு முழுக்க ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தே நடந்தது. பாவம், அந்த மனிதர் தனக்குத்தான் ஏதோ கட்டி வந்துவிட்டது போல நெளிந்துகொண்டிருந்தார்.

மகள் கேட்டாள்: "இதயத்துக்குக் கதிர் படாம இருக்க என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"புது மெஷின்மா. எல்லாம் அது பாத்துக்கும்."

"பக்க விளைவு?"

"பெரிசா ஒன்னும் இருக்காது. இதெல்லாம் யோசிச்சு நீங்க எதுக்குக் குழப்பிக்கறீங்க?"

அக்கா தொண்டையைக் கனைத்தாள். "எனக்கு ஒன்னே ஒன்னு டாக்டர். எங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்கும். ஓட்டறவங்க தப்புப் பண்ணா நான் மிதிப்பேன். உங்க வண்டியில ரெண்டாவது பிரேக் யார்கிட்ட இருக்கு?"

பெரிய டாக்டர் சிரித்தார். வாய்விட்டு, அழகாகச் சிரித்தார். "என் மேல நம்பிக்கை வைங்கம்மா. எத்தனை வருஷ அனுபவம்!"

வெளியே வந்ததும் மகள் முகம் தொங்கிப் போயிருந்தது. அக்கா மட்டும் விடவில்லை. "கொஞ்சம் தலைக்கனம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்டி. கை சுத்தம். அப்படி வண்டி நிறுத்தற ஆளு கதிரை மட்டும் கோணலாவா விடுவாரு?"

வண்டி எடுக்கப் போகும் வழியில் அதே நீளமான காரை ஒருவர் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, உங்க டாக்டர் வண்டி நிறுத்தறதை இன்னிக்கெல்லாம் பாத்துட்டே இருக்கலாம்."

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "ரொம்ப நன்றிம்மா. நிறுத்தினது நான்தான். நான் டிரைவர். டாக்டருக்கு ஓட்டவே தெரியாது, பின்னால உக்காந்து போன் பேசிட்டு வருவாரு."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க!" என்றாள் அக்கா. "சிரிச்சீங்கன்னா நடந்துதான் வீட்டுக்கு வரணும்."

இரண்டாவது ஆஸ்பத்திரி பழைய கட்டடம். சுண்ணாம்பு அங்கங்கே உரிந்திருந்தது. ஆனால் வீட்டிலிருந்து நடந்துகூட வந்துவிடலாம். ரேடியேஷன் என்றால் வாரக்கணக்கில் தினமும் வந்து போக வேண்டுமே, அதை நினைத்து மகளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அக்காவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. மூக்குடைந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அவர்கள் வண்டியை நிறுத்தி இறங்குவதற்கும், ஒரு சின்ன வெள்ளைக் கார் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

அந்தக் கொடுமையை நான் எப்படிச் சொல்ல! கார் முன்னால் போனது, பின்னால் வந்தது, பூந்தொட்டியை இடித்தது, உறுமிவிட்டு அணைந்தது. பின்சக்கரம் பக்கத்து இடத்தில், மூக்கு அக்காவின் வண்டிக்குக் குறுக்கே. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி இறங்கினார். கைப்பை கவிழ்ந்து பேனாக்கள் எல்லாம் உருண்டோடின.

"ஸ்டியரிங்கை முழுசாத் திருப்புங்கம்மா! பாதியிலயே விட்டா எப்படிப் போகும்?" அக்கா அடித்தொண்டையில் கத்தினாள். "லைசென்ஸ் யாரு குடுத்தா உங்களுக்கு?"

"நேரமாயிடுச்சுக்கா! ஆளுங்க காத்திருப்பாங்க. நானே வந்து எடுத்துடறேன்!" என்று பேனாக்களை வாரிக்கொண்டு அவர் ஓடினார்.

"இந்த லட்சணத்துல ஓட்டம் வேற."

மேலே போய் அறைக்கதவைத் திறந்தால், மேஜைக்குப் பின்னால் யார்? அதே பெண்மணி. காதோரம் வியர்வை. சட்டைப் பையில் மீண்டு வந்த பேனாக்கள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விட அவள் தயார்.

"வாங்க, உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "கீழ என்னைத் திட்டினது நீங்கதானே?"

வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்திருப்பார்கள். அக்கா அசரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா டாக்டரம்மா. நேராவே கேக்கறேன். ஒரு காரையே நேரா நிறுத்த வரலை. என் நெஞ்சுல கதிரை எப்படி நேரா விடுவீங்க?"

"அம்மா!" என்றாள் மகள்.

"இருங்க, நியாயமான கேள்விதான்." டாக்டரம்மா நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "கார்ல நான் தனியா இருக்கேன், அதான் தொட்டி போச்சு. இங்க நான் எதையும் தனியாப் பண்றதில்ல."

"அதைத்தான் கேக்கறேன். ரெண்டாவது பிரேக் யார்கிட்ட?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. யோசித்தார். அக்காவின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு காகிதத்தில் மார்பு, நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் கோணல்மாணலாக வரைந்தார். படமும் கார் நிறுத்திய லட்சணத்தில்தான் இருந்தது.

"ஸ்கேன்ல எங்க கதிர் படணும், எங்க படக் கூடாதுன்னு நான் கோடு போடுவேன். எவ்வளவு, எந்தக் கோணத்துலன்னு கணக்குப் போடறதுக்கே படிச்சவங்க தனியா இருக்காங்க. அவங்க சரின்னு சொல்லாம மெஷின் ஓடாது. வாரா வாரம் இங்க இருக்கற மத்த டாக்டருங்ககூட உக்காந்து எல்லார் கோட்டையும் பாப்போம். என் கோட்டை அழிச்சுப் போட்டவங்களும் உண்டு."

"கோவம் வராதா?"

"வரும். வீட்டுக்குப் போனப்புறம், நல்லவேளை பாத்தாங்கன்னு தோணும்."

மகள் கேட்டாள், இடது மார்புக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறீர்களா என்று. மார்பகம்தான் தன் முக்கிய வேலை, இடது பக்கக்காரர்கள் இல்லாத வாரமே கிடையாது என்றார் டாக்டரம்மா.

ரொட்டிக்கடைக்காரர் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அடுப்புல ஓரம் கருகற மாதிரி… தோல் கருகுமாங்க?"

"சிவக்கும். சிலருக்கு உரியும், அப்புறம் ஆறிடும். அசதி இருக்கும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பின்னாடி தொந்தரவு வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஆனா வரவே வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். அதை இன்னும் குறைக்கத்தான் மூச்சு."

"மூச்சா?"

"நல்லா மூச்சை இழுத்துப் பிடிச்சா நுரையீரல் நிரம்பும். இதயம் கொஞ்சம் தள்ளிப் போகும். நீங்க பிடிச்சிருக்கற நேரம் மட்டும்தான் கதிர் வரும். விட்டுட்டீங்கன்னா மெஷின் நின்னுடும்."

"யாராவது நிறுத்தணுமா?"

"வேண்டாம். தானா நிக்கும். உங்க மூச்சைப் பாத்துட்டே இருக்கும்." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டீங்களே, ரெண்டாவது பிரேக், மூணாவது பிரேக் எல்லாம் எங்ககிட்ட இருக்கு. கடைசி பிரேக் உங்க கால்லதான்கா."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து யார் யாரோ அவளைப் படுக்கச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள், கையெழுத்துக் கேட்டார்கள். காலடியில் பிரேக் இல்லாத வண்டியில் கண்ணைக் கட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவளைத் தூங்கவிடாமல் அடித்ததே அதுதான். இப்போது கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

"மூச்சைப் பிடிக்க முடியுமா உங்களால?" என்றார் டாக்டரம்மா.

"அவ பொழப்பே அதுதாங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ஒவ்வொருத்தனும் லாரி பக்கமாப் போறப்போ பிடிச்சுப் பிடிச்சுப் பழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "வேற யாரையாவது பாத்துக் கேக்கணும்னாலும் ரிப்போர்ட்டெல்லாம் நானே தரேன்."

மகள் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "இப்பச் சொல்லும்மா. முதலாவதா, ரெண்டாவதா? எதுல தெளிவாத் தெரியுது?"

"ரெண்டாவது" என்றாள் அக்கா. "கார் ஓட்ட மட்டும் விடாதீங்க இவங்களை."

எல்லாம் சுபம் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் டாக்டரம்மா எழுந்து வந்து சாதாரணமாகச் சொன்னார்: "சரிக்கா, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க பாப்போம்."

வலது கை மேலே போனது. இடது கை தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அக்கா பல்லைக் கடித்தாள். நகரவில்லை.

மகளுக்குச் சுருக்கென்றது. கொண்டை! நீ போட்டால்தான் நன்றாக நிற்கிறது என்றாளே!

"அம்மா… இதுக்குத்தானா? ஏம்மா சொல்லலை?"

"சொன்னா ஸ்கூலை மூடச் சொல்லுவீங்க" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "கை வராதவளை நம்பி யாரு பிள்ளையை அனுப்புவாங்க? பயமா இருந்துது."

"நாங்க மூடச் சொன்னா நீ மூடிடப் போறியாக்கும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். அலமாரி மேல்தட்டிலிருந்து எதை எடுக்கவும் தன்னைக் கூப்பிட்டது ஏன் என்று அவருக்கும் இப்போதுதான் புரிந்தது.

டாக்டரம்மா அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இப்படி இறுகிப் போகும். பயந்து அசைக்காம விட்டா இன்னும் இறுகும். பயிற்சி சொல்லிக் குடுக்க ஆள் இருக்காங்க, இன்னிக்கே பாத்துடுங்க. மெஷின்ல கை ரெண்டையும் மேல வெச்சுத்தான் படுக்கணும். அடுத்த வாரம் ஸ்கேன். அதுக்குள்ள இது மேல போகணும்கா."

"போகலைன்னா?"

"தள்ளிப்போகும். எனக்கு அது பிடிக்காது."

பயிற்சி முடிந்து கீழே வந்தபோது அக்காவின் முகம் வாடித்தான் இருந்தது. எப்படித் தூக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கை என்னவோ தோளைத் தாண்டவில்லை. அவர்கள் வண்டிக்குக் குறுக்கே வெள்ளைக் கார் அப்படியே நின்றது. டாக்டரம்மா சொன்னபடி சாவியோடு ஓடி வந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? இந்த இடத்துக்குள்ள விட்டுடறேன்."

கேட்க வேண்டுமா! அக்காவின் வலது கை நிறையப் பழைய ஸ்கேன் படங்களும் பையும். இடது கையை முன்னால் நீட்டினாள்.

"வாங்க… வாங்க… ஸ்டியரிங்கை முழுசா… முழுசான்னேன்! நிறுத்துங்க! முன்னாடி போங்க, திருப்பியும் வாங்க."

"கை தெரியலைக்கா!" கார் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க!"

"இதோ! கண்ணாடியில பாருங்க. வாங்க… வாங்க…"

"இன்னும் தெரியலை!"

"அட, கண்ணு எங்கம்மா இருக்கு உங்களுக்கு? இதோ, இதோ பாருங்க. வாங்க, தொட்டி! தொட்டி! இந்தப் பக்கம்… வாங்க…"

ரொட்டிக்கடைக்காரர் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அம்மாவின் கை தோளைத் தாண்டியிருந்தது. கார்க் கண்ணாடிக்குள் டாக்டரம்மாவின் கண்கள் தொட்டியைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, வெள்ளைக் கார் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"நிறுத்து!" என்று அக்கா கத்தினாள். விரித்த உள்ளங்கை அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏம்மா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "உன் கையைக் கொஞ்சம் பாரேன்."

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். யாருடைய கையோ என்பது போல வெகு நேரம் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

"திருடி" என்றாள் டாக்டரம்மாவை, அவ்வளவு ஆசையாக.

"தலைக்கு மேல போகணும்கா, இன்னும் பாக்கி இருக்கு" என்றார் டாக்டரம்மா இறங்கி வந்து. "தினமும் இதே மாதிரி. வலிச்சா நிறுத்திடுங்க. ஆனா பூந்தொட்டியை நிஜமாவே தெரியாமத்தான் இடிச்சேன்."

அந்த நேரம் பார்த்து மகளின் கையில் போன் அலறியது. திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"பெரியப்பா. பெரிய டாக்டர் எப்ப ஆரம்பிக்கறாருன்னு கேப்பாரு. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. யாரு பேசறது?"

ரொட்டிக்கடைக்காரர் பூந்தொட்டியை ஆராயத் தொடங்கினார்.

"உங்க அண்ணன்தானே, பயந்தாங்கொள்ளி!" என்றாள் அக்கா. "குடுடி இப்படி. நானே பேசிக்கறேன்."

வலது கையிலிருந்த பையை இறக்கி வைக்கப் போனவளை மகள் தடுத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து, அலறுகிற போனைத் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"பை அங்கயே இருக்கட்டும். இந்தக் கையால எட்டி வாங்கிக்கோம்மா."

அக்கா அவளை முறைத்தாள். பிறகு நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கினாள்.